அப்பா காரில் இருக்கிறார்

கதவைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், இவ்வளவுதான் வேலை. ஐஸில் ஓடிக் களைத்தவன் பெஞ்சுக்கு வரும்போது இந்தக் குட்டைக் கதவின் கொக்கியைத் தூக்க வேண்டும். அவன் உள்ளே விழ, அடுத்தவன் வெளியே பாய, படக்கென்று சாத்த வேண்டும். ஐஸ் ஹாக்கி கோலி என்றால் எல்லாரும் வலைக்கு முன்னால் முகமூடி போட்டுக்கொண்டு நிற்பவனைத்தான் நினைக்கிறார்கள். அணிக்கு இரண்டு கோலிகள் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவன் வலையைக் காப்பான், மற்றவன் கதவைக் காப்பான். ஆறு வருடம், நான்கு ஊர், நான்கு அணி, எல்லா ஊரிலும் கதவு ஒரே மாதிரித்தான் கிறீச்சிடுகிறது, இந்த ஊர்க் கதவுக்கு நானே இரண்டு தடவை எண்ணெய் விட்டேன். காலில் தலையணை தலையணையாகக் கட்டிய பேட், மார்பில் கவசம், தலையில் அணியின் தொப்பி, கையில் கொக்கி. மாப்பிள்ளை உடுப்போடு பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவனுடைய நிலைமை. ஆட்டத்தின் மூன்று பாகத்தில் இரண்டாவதில் இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது. ஐந்துக்கு இரண்டு, நாங்கள் முன்னால். வென்றாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை, அடுத்த சுற்றுக்குப் போகும் ஆசை எங்களுக்குப் போன மாதமே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வருடத்தின் கடைசி ஆட்டம், பாதி அரங்கு காலி. அவர்களுக்கு இந்த வருடத்தின் கடைசி, எனக்கு மொத்தத்துக்கும் கடைசி. இடுப்பு மூட்டில் இனித் தேய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது மார்கழியில். எனக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அப்பா வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், காரில் இருக்கிறார்.

அவர் எப்போதும் காரில்தான் இருக்கிறார். நான் விளையாடி அவர் பார்த்துப் பதினேழு வருடமாகிறது, இன்றைக்கும் பார்க்காவிட்டால் இனிப் பார்க்கப்போவதில்லை. இதைத்தான் காலையிலிருந்து மனம் அரைத்துக்கொண்டிருக்கிறது, அரைத்ததையே திரும்பவும் அரைக்கிறது. கொக்கி. தூக்கு. விழுந்தவன் மூச்சு வாங்குகிறான், அவனுடைய வியர்வை என் கையில் தெறிக்கிறது. சாத்து. காலையில் மோட்டலில் சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். அப்பா டோஸ்ட்டில் வெண்ணெயை மூலை மூலையாகப் பூசிக்கொண்டிருந்தார், ஒரு மூலை விட்டுப்போனாலும் அவருக்குப் பொறுக்காது. ஏழு மணித்தியாலம் தனியாக ஓட்டி வந்த மனிதர், அறுபத்து நாலு வயது. நான் சொன்னேன், "அப்பா, இண்டைக்கு உள்ளுக்கு வாங்கோ. நான் இறங்கமாட்டன், சும்மா பெஞ்சிலைதான் இருக்கப்போறன். நீங்கள் வந்தாலும் ஒண்டும் நடக்காது." அவர் நிமிரவே இல்லை. "நீ விளையாடாட்டி நான் உள்ளுக்கு வந்து என்னத்தைப் பாக்கிறது? கதவையோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நான் காரிலை இருந்தால்தான் கோச் உன்னை விடுவான். நீ பாரன்" என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. நான் தொடக்கி வைத்த விசர், இந்தப் பைத்தியம், இப்போது என்னைவிட அவருக்குத்தான் முற்றியிருக்கிறது. இது கடைசி அப்பா, இதோடு சரி, என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் வெண்ணெய் பூசிய துண்டை என் தட்டில் வைத்து, "சாப்பிடு, தெம்பு வேணும்" என்றார். கதவு திறக்கத் தெம்பு. நான் சாப்பிட்டேன், என்ன செய்ய.

கோலிகள் எல்லாருக்கும் ஒரு விசர் உண்டு. இடது பேட்டைத்தான் முதலில் கட்ட வேண்டும், நீலக் கோட்டை மிதிக்கக்கூடாது, கம்பத்தை இடம், வலம், திரும்ப இடம் என்று தட்ட வேண்டும், என் ஸ்டிக்கை இன்னொருவன் தொட்டால் அன்றைக்கு அந்த ஸ்டிக் வேண்டாம். இந்தப் பட்டியலில் நான் அப்பாவையும் போட்டுவிட்டேன், அதுதான் நடந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, எங்கள் ஊரான ஸ்காபரோவில் சனிக்கிழமைக் காலை ஆட்டங்கள். அப்பா பேக்கரி வான் வண்டியில் பாண் இறக்கிவிட்டு, மா ஒட்டின உடுப்போடேயே என்னை வாசலில் கொண்டுவந்து விடுவார். பிறகு கார் விட இடம் தேடிப் போவார். பிறகு தேத்தண்ணிப் பிளாஸ்கோடு உள்ளே வந்து, என் வலைக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடியில் கார்த் திறப்பால், அந்தச் சாவிக் கொத்தால், இரண்டு தட்டுத் தட்டுவார். டக் டக். வந்திட்டன் என்று அர்த்தம். அவருக்கு ஆட்டம் விளங்கியதே இல்லை. "எல்லாரும் ஓடுறாங்கள், நீ மட்டும் ஏன் நிக்கிறாய்?" என்று முதல் வருடம் முழுக்கக் கேட்டார். ஆனாலும் வந்தார். அந்த மாரிக் குளிரில் மூன்று சனிக்கிழமை அடுத்தடுத்து, அவர் கதவைத் தள்ளி உள்ளே வரவும் எனக்குக் கோல் விழவும் சரியாக இருந்தது. அவருடைய பழுப்பு ஜாக்கெட் தெரியும், பக் என் பின்னால் வலைக்குள் கிடக்கும். இவ்வளவு சிறிய கறுப்பு ரப்பர் வில்லை, அதற்கு அப்பா வருகிற நேரம் எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். மூன்றாவது சனிக்கிழமை அவர் பிளாஸ்க்கைக் காரில் விட்டுவிட்டு அதை எடுக்கத் திரும்பிப் போனார், அவர் போய் வருவதற்குள் வந்த எல்லாவற்றையும் நான் தடுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன், "அப்பா, நீங்கள் உள்ளுக்கு வந்தால் கோல் விழுது." ஏசுவார், விசர்க் கதை கதையாதே என்பார், அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். "அப்ப நான் காரிலை இருக்கிறன்" என்றார். அடுத்த சனிக்கிழமை இருந்தார். நாங்கள் வென்றோம். வென்றதுதான் வினையாகப் போயிற்று. அன்றைக்குத் தோற்றிருந்தால் எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும்.

பிறகு ஒரேயடியாகக் கார்தான். வடக்கு மிச்சிகனில் கல்லூரிக்குப் போனேன், நான்கு வருடமும் நானே முதல் கோலி. அங்கே எனக்காகக் கதவு திறந்தவனுடைய பெயர் டிலன் என்று நினைக்கிறேன், டிலனா டஸ்டினா, இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, கோல்ட்டனுக்கும் பத்து வருடம் கழித்து என் பெயர் இப்படித்தான் தடுமாறும். கோல்ட்டன் இப்போது வலையில் நிற்பவன், இருபத்திரண்டு வயது, நல்ல பையன், ஆட்டத்துக்கு முன் நன்றாகத் தூங்குவான். அவன் மேல் கோபம் வரவில்லை. பொறாமை வருகிறது, அதை மறைப்பானேன். அவன் விழுந்து எழும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுடைய இடுப்பைத்தான் பார்க்கிறேன். கல்லூரியில் மூன்றாம் வருடம் மாசி மாதத்தில் ஓர் அரையிறுதி, அப்பா பதினொரு மணித்தியாலம் ஓட்டி வந்தார், வெளியே இருபது பாகை குளிர், மைனஸில். என் வலைக்கு நாற்பத்தொரு ஷொட் அடித்தார்கள், ஒன்றும் உள்ளே போகவில்லை. பெடியன்கள் என்னைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நான் காருக்குப் போனால் கண்ணாடி முழுக்க உள்பக்கம் உறைந்துபோயிருந்தது, அப்பா முகம் அளவுக்கு ஒரு இடத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு, போர்வைக்குள், மாணவர் வானொலியைக் கேட்டபடி இருந்தார். ஆங்கிலத்தில் அவ்வளவு வேகமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது. இரண்டு சொல்தான் பிடிபடும், ஒன்று எங்கள் பெயர், மற்றது கோலி தடுத்தால் சொல்கிற 'சேவ்'. "எத்தினை?" என்றார். "நாப்பத்தொண்டு." அவருடைய முகம் வாடிவிட்டது. "நான் நாப்பதுதான் எண்ணினனான். எங்கையோ ஒண்டை விட்டிட்டன்" என்றார். நாற்பத்தொன்றையும் பார்க்காத மனிதர், கேட்காமல் விட்ட ஒன்றுக்காக ஊர் எல்லை தாண்டும்வரை வருத்தப்பட்டார். அந்த ஒன்றை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். எது அது, எந்த நிமிடத்தில், வானொலிப் பையன் இருமினானா, அப்பா கண்ணாடியைத் துடைத்தாரா. கல்யாண வீடுகளில் அந்த ஆட்டத்தை அவர் நடித்துக் காட்டுவார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, இப்பிடி அடிச்சான், இவன் இப்பிடிப் பிடிச்சான் என்று நின்ற நிலையில் கையை வீசுவார், அம்மா சிரிப்பாள். பதின்மூன்று வயதில் நான் நின்றபடிதான் தடுப்பேன். முழங்காலில் விழுந்து இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்து நிலத்தை அடைப்பது கல்லூரியில் பழகியது, இடுப்பைத் தின்றதும் அதுதான். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் மனதில் நான் இன்னமும் நின்றுகொண்டே இருக்கிறேன்.

கொக்கி. தூக்கு. சாத்து. இன்னும் நான்கு நிமிடம். கணக்கு எங்கே போனாலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. கோச் என்னை இறக்கினால் அப்பா உள்ளே வரக்கூடாது. இறக்காவிட்டால் அப்பா உள்ளே வந்து என்ன பயன். வந்தால் கோல் விழும். விழுமா? முப்பது வயதானவன் நம்புகிற விஷயமா இது? நம்பவில்லை என்றால் இதோ இந்தக் கையுறையை ஏன் இடதை முதலில் மாட்டினேன். இந்த வருடம் ஒன்பது ஆட்டம் இறங்கினேன், ஒன்பதிலும் அவர் ஸ்காபரோவில் போனில் கேட்டுக்கொண்டிருந்தார், இவர்களின் அறிவிப்பாளர் ராஜா-நயா-காம் என்று உடைத்து உடைத்துச் சொல்வதை. அது என் பெயரே இல்லை, என் பெயர் ஆரூரன், இவர்களுக்கு அது ரூ. இராசநாயகம் அப்பாவின் பெயர். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தான் பின்பெயராகிறது, அதைத்தான் முதுகில் தைக்கிறார்கள். எங்கள் சாமான்களைப் பார்க்கும் வால்ட் தைத்தபோது, ஒரு அக்குளில் தொடங்கி மற்ற அக்குளில் முடிகிறது என்று புறுபுறுத்தார். எழுத்துகளுக்கு இடம் போதாமல் வானவில்லாக வளைத்திருக்கிறார். அப்பா அதைப் படத்தில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். சங்கு ஊதுகிறது. இரண்டாம் பாகம் முடிந்துவிட்டது, நான் கடைசி நான்கு நிமிடம் யார் யாருக்குக் கதவு திறந்தேன் என்பதே நினைவில்லை, கை தானாகச் செய்திருக்கிறது.

உடுப்பு மாற்றும் அறையில் ஈரத் துணி நாற்றம், தோடம்பழத் துண்டுகள். கோச் லாமோண்ட் வருகிறார், நடக்கும்போது யாரையும் பார்க்கமாட்டார். இங்கே எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், என் தலைக்குள் விழும்போது எல்லாரும் அப்பாவின் தமிழில் பேசுகிறார்கள், அது சிறுவயதிலிருந்தே இருக்கிற பழக்கம். என் பேட்டில் தன் பேனாவால் தட்டி, "ரூ, மூண்டாம் பாகம் உன்ரை. இருபது நிமிசமும்" என்கிறார். அவ்வளவுதான், போய்விட்டார். கோல்ட்டன் ஏற்கனவே கையுறையைக் கழற்றிவிட்டான், "இடப்பக்கக் கம்பத்தடி ஐஸ் கொஞ்சம் பிஞ்சு கிடக்கு அண்ணை, பாத்து" என்கிறான். ஆங்கிலத்தில் அண்ணை இல்லை, அதையும் என் தலைதான் போட்டுக்கொள்கிறது. முதலில் வந்த நினைப்பு, அப்பா சொன்னது பலித்துவிட்டது. காரில் இருந்தார், கோச் விட்டான். அப்படியென்றால் அப்படியே இருக்கட்டும். இருபது நிமிடம் ஒன்றும் உள்ளே போகாமல் நிற்பேன், பிறகு காருக்குப் போவேன், எத்தினை என்பார், பதினொண்டு என்பேன், நான் பத்துத்தான் எண்ணினனான் என்பார். பிறகு ஏழு மணித்தியாலம் வீட்டுக்கு. பிறகு ஒருநாள் கல்யாண வீட்டில் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றபடி கையை வீசுவார், எல்லாரும் கை தட்டுவார்கள், அதில் நான் இருக்கமாட்டேன், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருப்பான். வேண்டாம். எனக்கு அப்பா பார்க்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை, இவ்வளவு வருடமும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கோல் விழட்டும். பத்து விழட்டும். போன்கள் எல்லாம் கூடையில் கிடக்கின்றன, ஆட்டம் முடியும்வரை எடுக்கக்கூடாது. வால்ட் மூலையில் ஐஸில் சறுக்கும் சப்பாத்துகளின் அடி இரும்பைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். "வால்ட், வெளியிலை ஒரு சாம்பல் கார், ஒன்டாரியோ நம்பர், பின்கண்ணாடிக்குக் கீழை டிஷ்யூப் பெட்டி வைச்சிருக்கும். உள்ளுக்கு என்ரை அப்பா. கூட்டிக்கொண்டு வாறீங்களோ?" வால்ட் நிமிர்ந்து பார்க்கிறார். ஆறு மாதமாக நான் வீட்டு ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வெளியிலையோ? இந்தக் குளிருக்கை? உங்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு டிக்கெட் தந்தவையே!" "அது பெரிய கதை. வாங்கோ எண்டு சொல்லுங்கோ. வாங்கோ." "வாங்கோ" என்று அவர் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறார், மோசமில்லை. "வரமாட்டன் எண்டால்?" நான் இடது கையுறையை இழுத்து விடுகிறேன். "இது அவன்ரை கடைசி ஆட்டம், இனி இல்லை, எண்டு சொல்லுங்கோ." காலையில் பெற்ற தகப்பனுக்குச் சொல்ல வாய் வராததை, இரும்பு தீட்டுகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டு போகிறார்.

ஐஸ் புதிதாகத் தண்ணீர் விட்டு மினுங்குகிறது. இடம், வலம், திரும்ப இடம். கம்பம் குளிர்ந்த சத்தம் தருகிறது. அறிவிப்பாளர் ராஜா-நயா-காம் என்கிறார், காரில் கேட்டிருக்குமா, அல்லது வால்ட் இந்நேரம் கண்ணாடியைத் தட்டியிருப்பாரா. நடுவர் பக்கைப் போட்டுவிட்டார், விளையாட்டைப் பார், ஆரூரன், விளையாட்டைப் பார். முதல் ஷொட் மார்பில், சுலபம். இரண்டாவது ஸ்டிக்கில் பட்டு மூலைக்குப் போகிறது, அதுவும் சுலபம். மூன்றாம் நிமிடம். பக் தூரத்தில், நீலக் கோட்டில், அவசரமில்லாத ஒருவனிடம் இருக்கிறது. வலது பக்கம் மூலைக் கதவு திறக்கிறது, வெளி வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே விழுகிறது, அதில் கம்பளித் தொப்பியும் பிளாஸ்க்கும். கண் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. அப்பா கூன் விழுந்துவிட்டாரா, ஏன் இவ்வளவு மெதுவாக, தொப்பியைக் கழற்றுகிறார். சங்கு. சிவப்பு விளக்கு. பக் என் இரண்டு காலுக்கும் நடுவால் போய் வலைக்குள் கிடக்கிறது, கோல்ட்டன் தூக்கத்தில் தடுக்கக்கூடியது. ஐந்துக்கு மூன்று. நான் குனிந்து அதை எடுக்கப்போகிறேன், குனிந்தபடியே நின்றுவிடுகிறேன். பழுப்பு ஜாக்கெட் தெரியும், பக் வலைக்குள் கிடக்கும். அந்த மூன்று சனிக்கிழமையும் இதுதான் நடந்தது. அவர் வந்ததால் விழவில்லை. நான் பார்த்ததால் விழுந்தது. வந்துவிட்டாரா வந்துவிட்டாரா என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பழுப்பு ஜாக்கெட் தெரிந்ததும் பக்கை விட்டிருக்கிறேன், பிழையைக் கொண்டுபோய் அவருடைய ராசியில் போட்டிருக்கிறேன். பதினேழு வருடம் ஒரு மனிதரைக் குளிரில் உட்கார வைத்தது என் கண். ஐயோ அப்பா.

நிமிர்ந்தால் அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், இரண்டு முழம் தூரம்கூட இல்லை. சிவப்பு விளக்கைப் பார்க்கிறார், வலையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வால்ட்டிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி நடக்கிறார். நான் ஸ்டிக்கால் கண்ணாடியில் ஓங்கி அடிக்கிறேன். பக்கத்துக் கதிரைகளில் சோளப்பொரி கொட்டுகிறது. இன்னொரு அடி. அவர் திரும்புகிறார். முகமூடியை மேலே தள்ளுகிறேன். "போகாதேங்கோ அப்பா! என்ரை பிழை! நான்தான் பாத்தனான்!" கண்ணாடியால் ஒன்றும் போகாது என்று தெரியும், ஆனாலும் கத்துகிறேன். என் கண்ணைத் தொட்டுக் காட்டுகிறேன், அவரைக் காட்டுகிறேன், என் நெஞ்சில் குத்திக் காட்டுகிறேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. என் முகத்தைப் பார்க்கிறார், இத்தனை வருடத்தில் இந்த உடுப்புக்குள் இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அவருடைய வாய் அசைகிறது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நடுவர் விசில் ஊதி, "என்ன, நாள் முழுக்க நிக்கப்போறியோ?" என்கிறார். வால்ட் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்பா பிளாஸ்க்கைக் குனிந்து நிலத்தில் வைக்கிறார். வைத்துவிட்டார். போகிறவர் பிளாஸ்க்கை நிலத்தில் வைக்கமாட்டார். நான் முகமூடியை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், கோலி என்றால் திரும்பித்தான் ஆக வேண்டும், அவருக்கு இனி என் முதுகுதான், முதுகில் அக்குளிலிருந்து அக்குள்வரை அவருடைய பெயர். நடுவர் மறுபடி பக்கைப் போடுகிறார். உடனே அவர்களில் ஒருவன் எங்கள் ஆட்களைத் தாண்டித் தனியாக வருகிறான், யாரும் இல்லை, அவனும் நானும்தான், தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டுகிறான், நம்பவில்லை, முழங்காலில் விழுகிறேன், கால் இரண்டையும் விரிக்கிறேன், இடுப்புக்குள் நெருப்பு, பார்த்துக்கொள்ளுங்கோ அப்பா, நான் இப்படித்தான் தடுக்கிறவன், நின்றுகொண்டு இல்லை. வலது கால் நுனியில் ஏதோ பட்டு மூலைக்கு உருள்கிறது. நான் திரும்பவில்லை, கண் பக்கிலேயே இருக்கிறது. பின்னால் கண்ணாடியில் கார்த் திறப்பு. டக் டக். வந்திட்டன் என்று அர்த்தம்.